டெலகோர்ட் நாடகத்துக்கு இலவச டிக்கெட்: எந்த வரிசையில் நிற்பது?

மே மாதக் கடைசியில் ஆரம்பித்து ஆகஸ்ட் வரை நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "சென்ட்ரல் பார்க்கில் ஷேக்ஸ்பியர் நாடகம் ஓசியில் போடுகிறார்களாமே, டிக்கெட் எப்படி வாங்குவது?" செல்போனில் எதையோ அழுத்தினால் வந்துவிடும் என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று சொன்னதும் பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள். எழுந்திருக்கத் தயாரான மீதிப் பேருக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். பேச்சை மாற்றியவர்களுக்கும் வழி உண்டு, அது பின்னால் வருகிறது.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கின் நடுவே டெலகோர்ட் என்ற திறந்தவெளி அரங்கம் இருக்கிறது. அரை வட்டமாக ஏறக்குறைய 1,800 இருக்கைகள், மேலே கூரை கிடையாது. மேடைக்குப் பின்னால் ஒரு சின்னக் குளம், அதற்கும் பின்னால் பாறைமேல் பெல்வடேர் கோட்டை. பப்ளிக் தியேட்டர் என்ற நிறுவனம் ஒவ்வொரு கோடையிலும் இங்கே நாடகம் போடுகிறது. பெரும்பாலும் ஷேக்ஸ்பியர், எப்போதாவது வேறு. நடிப்பவர்கள் கத்துக்குட்டிகள் இல்லை. மெரில் ஸ்ட்ரீப், அல் பசினோ எல்லாம் இந்த மேடையில் நின்றவர்கள். 1962இல் அரங்கம் திறந்தபோது முதல் நாடகம் 'தி மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்', அதில் வட்டிக்காரன் ஷைலாக்காக ஜார்ஜ் சி. ஸ்காட்.

இது ஏன் இலவசம் என்பதற்குப் பின்னால் ஒரு புல் வழக்கு இருக்கிறது. பப்ளிக் தியேட்டரைத் தொடங்கிய ஜோசப் பாப் என்பவர் 1950களில் நகரத்துப் பூங்காக்களில் காசு வாங்காமல் ஷேக்ஸ்பியர் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது பூங்காக்களெல்லாம் நகரப் பூங்கா ஆணையர் ராபர்ட் மோசஸ் கையில். கூட்டம் மிதித்துப் புல் பாழாகிறது, அதைச் சரிசெய்யப் பணம் வேண்டும், ஆகவே டிக்கெட்டுக்குக் கட்டணம் வாங்கு என்றார் மோசஸ். மாட்டேன் என்றார் பாப். 1959இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பாப் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வரிசையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் இருக்கும் புல்லைப் பார்த்தால் எனக்கு இந்த வழக்குதான் ஞாபகம் வரும்.

சரி, டிக்கெட்.

அன்றைய நாடகத்துக்கு அன்றைக்குத்தான் டிக்கெட். பகல் 12 மணிக்கு அரங்கத்து வாசலில் கொடுக்கிறார்கள், ஒருவருக்கு இரண்டு வரை. நாடகம் இரவு 8 மணிக்கு. வரிசை எப்போது தொடங்குகிறது என்பதில்தான் சூட்சுமம். பூங்கா இரவு 1 மணியிலிருந்து காலை 6 வரை மூடியிருக்கும், உள்ளே போய்ப் படுத்துக்கொள்ள முடியாது. அதனால் பிரபல நடிகர் நடிக்கும் நாடகம் என்றால் 6 மணிக்கு முன்பே சென்ட்ரல் பார்க் வெஸ்ட், 81ஆம் தெரு வாசலுக்கு வெளியே ஆட்கள் நடைபாதையில் சேர்ந்துவிடுவார்கள். பூங்கா திறந்ததும் ஊழியர்கள் அந்த வரிசை குலையாமல் உள்ளே அழைத்துப் போவார்கள்.

ஆற்றுக்கு அக்கரையில் நியூஜெர்சியின் ஜெர்சி சிட்டியிலிருந்து கிளம்பும் எனக்கு இது அவ்வளவு கஷ்டமில்லை. அங்கிருந்து மன்ஹாட்டனுக்கு வரும் பாத் ரயில் இரவு முழுக்க ஓடுகிறது. 33ஆம் தெருவில் இறங்கி, எட்டாவது அவென்யூவுக்கு நடந்து, சப்வேயில் 81ஆம் தெரு நிலையம். பகலில் அந்த நிலையத்தில் பி, சி ரயில்கள் நிற்கும். விடிவதற்கு முன்னால் அவை ஓடாது, அப்போது ஏ ரயிலே எல்லா நிலையத்திலும் நின்று போகும். இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளாமல் சி ரயிலுக்காக நடைமேடையில் காத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எடிசன் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு அதிகாலை ரயில் நேரம் இடிக்கும், நகரத்தில் நண்பர் வீடு இருந்தால் முந்தின இரவே வந்து தங்குவது நல்லது.

வரிசையின் விதிகள் கறாரானவை. இடம் பிடித்து வைப்பது கூடாது. யாருக்கு டிக்கெட் வேண்டுமோ அவர் நிற்க வேண்டும், ஒருவருக்கு இரண்டு என்பதால் நாலு பேர் குடும்பத்துக்கு இரண்டு பேர் முதலிலிருந்தே நிற்க வேண்டும். "என் ஃப்ரெண்டு இப்போ வந்துடுவான்" என்பது இங்கே எடுபடாது. ஊழியர் கண்ணில் படாவிட்டாலும் பின்னால் இருப்பவர் கண்ணில் படும், அவர் சும்மா விடமாட்டார். கழிவறைக்குப் போய் வருவதற்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், முன்னே பின்னே இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுப் போனால் போதும். அதனால் போய் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் சிரித்து நாலு வார்த்தை பேசி வைப்பது உபசாரத்துக்காக மட்டும் இல்லை.

ஆறு மணி நேரம் என்பது சொல்லும்போது தெரியாது. நான் ஒரு பழைய ஜமுக்காளமும் தொப்பியும் எடுத்துப் போவேன். மடக்கு நாற்காலி சுகம்தான், ஆனால் டிக்கெட் கிடைத்தபின் அதைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க அலைய வேண்டும், வீட்டுக்குப் போய்த் திரும்புபவர்களுக்கு மட்டும் அது சரிப்படும். சாப்பாட்டுக்குப் புளியோதரையை மிஞ்ச எதுவும் இல்லை. கெடாது, கையால் சாப்பிடலாம், பக்கத்தில் இருப்பவருக்கும் நீட்டலாம். எதுவும் கொண்டுவராவிட்டாலும் பட்டினி இல்லை, சுற்றுவட்டாரக் கடைகள் வரிசைக்கே சாண்ட்விச்சும் காபியும் கொண்டுவந்து தருகின்றன. பாட்டுக்காரர்கள் வந்து வயலின், கித்தார் வாசித்துவிட்டுத் தொப்பியை நீட்டுவார்கள். செல்போனை மட்டும் நம்பி உட்காராதீர்கள், பத்து மணிக்கெல்லாம் சார்ஜ் இறங்கிவிடும்.

கவனிக்க வேண்டிய ஒரு ஆள், வரிசை நெடுக நடந்து வரும் ஊழியர். ஏறக்குறைய எந்த இடம் வரைக்கும் டிக்கெட் கிடைக்கும், எதற்கு அப்புறம் சந்தேகம் என்று அவர் சொல்லிவிடுவார். அவர் கையை விரித்தால் நம்பிவிடுங்கள். அதற்குப் பிறகும் நப்பாசையில் மூன்று மணி நேரம் உட்கார்வதைவிட, அங்கிருந்து எழுந்து அன்றைக்கே வேறு வழியில் முயற்சி செய்வது மேல்.

எந்த நாள் போவது என்பதும் முக்கியம். நாடகம் தொடங்கிய முதல் வாரம், பத்திரிகை விமர்சனங்கள் வருவதற்கு முன்னால், வார நாள். இதுதான் என் தேர்வு. விமர்சனம் நன்றாக வந்துவிட்டால் கூட்டம் கூடும். கடைசி வாரத்தில் "அடடா, முடியப் போகிறதே" என்று நகரமே கிளம்பி வரும். சனி, ஞாயிறுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி வரிசை உண்டு, அங்கே உட்கார பெஞ்சு இருக்கும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் வீடுகளுக்கு இது பெரிய வசதி. ஆனால் அதுவும் வரிசைதான், பதினொன்றரைக்குப் போய் நின்றால் நடக்காது. கூட வருபவருக்கான விதி, வயதுச் சான்று ஆகியவற்றை அந்த வருடத்து அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

2023 கோடையில் அம்மா வந்திருந்தார். அந்த வருடம் 'ஹாம்லெட்'. அம்மாவுக்கு ஆங்கில ஹாம்லெட் தெரியாது, ஆனால் பம்மல் சம்பந்த முதலியார் அதைத்தான் 'அமலாதித்யன்' என்று தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார் என்பது தெரியும், கதையும் தெரியும். தாத்தா சொல்லிக் கேட்டது. கதை தெரிந்தால் ஷேக்ஸ்பியர் ஆங்கிலம் பாதிப் பயத்தை இழந்துவிடுகிறது என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். அந்தத் தயாரிப்பில் கதையை இன்றைய அட்லாண்டாவுக்கு மாற்றியிருந்தார்கள். மேடையில் சாய்ந்த வீடு, மண்ணில் மூக்கு புதைந்த ஒரு கார். "ராஜா அரண்மனைனு சொன்னியே, இங்க என்ன காரு மண்ணுல புதைஞ்சு கெடக்கு?" என்று அம்மா கேட்டதற்கு முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் அம்மாவே எனக்கு, "இவன்தான் சித்தப்பன், இவன்தான் விஷம் வச்சவன்" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆகவே பெற்றோரை அழைத்துப் போவதானால் முந்தின நாள் கதையைச் சொல்லிவிடுங்கள். வசனத்தைத் திரையில் எழுத்தாகக் காட்டும் காட்சிகளும் ஒவ்வொரு நாடகத்துக்கும் சில நாட்கள் இருக்கின்றன. காது கேளாதவர்களுக்காக ஏற்பட்டது அது, ஆனால் பழைய ஆங்கிலம் காதில் பிடிபடாத நம்மவர்களுக்கும் உதவும். தேதியை முன்கூட்டியே அறிவிப்பார்கள்.

இனி, காலையில் எழ முடியாதவர்களுக்கு.

குலுக்கல் இரண்டு வகை. ஒன்று, டுடேடிக்ஸ் செயலியில் அன்றைய நாடகத்துக்குப் பெயர் கொடுப்பது. பகலில் முடிவு வரும், கிடைத்தால் அவர்கள் சொல்லும் நேரத்துக்குள் உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும். இதற்குச் செலவு ஒரு நிமிடம்தான், அதனால் ஆசைப்படும் எல்லா நாளும் போட்டு வைக்கலாம். ஆனால் ஊரே போடுகிறது, இதை நம்பி ஊரிலிருந்து வந்தவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். இன்னொன்று, லஃபாயெட் தெரு 425ஆம் எண்ணில் இருக்கும் பப்ளிக் தியேட்டர் கட்டடத்தில் நேரில் நடக்கும் குலுக்கல். 12 மணிக்குச் சற்று முன்னால் போய்ப் பெயர் கொடுத்தால், 12 மணிக்குக் குலுக்கிப் பெயர் வாசிப்பார்கள். அந்தப் பக்கம் அலுவலகம் இருப்பவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்க்கலாம். நேரில் போயாக வேண்டும் என்பதாலேயே இதில் போட்டி குறைவு, செயலியைவிட இதன்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

அப்புறம், புரூக்ளின், குவீன்ஸ், பிராங்க்ஸ், ஸ்டேட்டன் தீவு ஆகிய பகுதிகளில் நூலகம், சமூகக்கூடம் மாதிரியான இடங்களிலும் குறிப்பிட்ட நாட்களில் டிக்கெட் கொடுக்கிறார்கள். எந்த நாள், எந்த இடம் என்ற பட்டியல் சீசன் தொடக்கத்தில் வரும். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் பக்கம் இருப்பவர்கள் விடியற்காலையில் மன்ஹாட்டனுக்கு ஓடுவதற்கு முன்னால் இந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அங்கேயும் வரிசை உண்டு, ஆனால் பூங்கா வரிசை அளவுக்குக் கொடுமை இல்லை.

நான் இப்போதெல்லாம் அதிகம் நம்புவது மாலை வரிசையைத்தான். ஸ்டாண்ட்பை என்பார்கள். 12 மணிக்கு டிக்கெட் வாங்கியவர்கள், குலுக்கலில் ஜெயித்தவர்கள், நன்கொடையாளர்கள், விருந்தினர்கள் என்று எல்லாருக்கும் ஒதுக்கியதில் யாராவது வராமல் போவார்கள். காசு கொடுத்து வாங்காத டிக்கெட்டை விட்டுவிட மனசு எளிதில் துணிந்துவிடுகிறது, அலுவலகத்தில் ஒரு மீட்டிங் நீண்டால் போதும். அந்த இருக்கைகளை நாடகம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் ஸ்டாண்ட்பை வரிசைக்குக் கொடுக்கிறார்கள். ஒற்றை ஆளாகப் போனால் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் மிஞ்சுவது பெரும்பாலும் ஒற்றை இருக்கைகள். இரண்டு பேராகப் போனாலும் "தனித்தனியாக உட்காரச் சம்மதமா?" என்று கேட்டால் உடனே தலையாட்டிவிடுங்கள். அரை வட்ட அரங்கம், எங்கே உட்கார்ந்தாலும் மேடை தெரியும், மூன்று மணி நேரம் பக்கத்தில் மனைவியோ கணவரோ இல்லாவிட்டால் குடி முழுகிப் போகாது.

அதிலும் வானம் இருண்டு கிடக்கும் நாள்தான் ஸ்டாண்ட்பைக்காரர்களின் திருவிழா. மழை வரும் என்று வானிலை சொன்னாலே டிக்கெட் வைத்திருப்பவர்களில் ஒரு பகுதி வீட்டிலேயே இருந்துவிடும். ஆனால் எட்டு மணிக்கு முன்னால் நாடகத்தை ரத்து செய்வதில்லை. நியூயார்க்கின் கோடை மழை அடித்துப் பெய்து அரை மணியில் ஓய்கிற வகை, தூறல் நின்றதும் மேடையைத் துடைத்துவிட்டு ஆரம்பிப்பதும், நடுவில் நிறுத்தித் தொடர்வதும் நடக்கும். இருக்கையில் குடை விரிக்க விடமாட்டார்கள், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். பிளாஸ்டிக் மழைக்கோட்டு ஒன்று பையில் இருக்கட்டும். இடி மின்னல் வந்து நாடகமே நின்றுபோனால் இன்னொரு நாளுக்கு மாற்று டிக்கெட் கிடையாது, அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு போக வேண்டும். மழை இல்லாத இரவிலும் ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் கொசு மருந்தும் தேவை. ஒன்பதரைக்கு மேல் குளத்துப் பக்கமிருந்து காற்று வரும். சில நாள் ரக்கூன்களும் வரும், நடிகர்களுக்கு அது பழகிப்போன விஷயம்.

காசு கொடுத்து ஆள் வைத்து வரிசையில் நிற்கச் சொல்வது பற்றியும் கேட்கிறார்கள். வேண்டாம். 2010இல் அல் பசினோ ஷைலாக்காக நடித்தபோது, இலவச டிக்கெட்டையும் வரிசையில் நிற்கும் வேலையையும் விளம்பரம் போட்டு விற்றவர்களுக்கு மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகமே நோட்டீஸ் அனுப்பியது. பணம் இருப்பவர்களுக்கு நேர்மையான வழி ஒன்று உண்டு. பப்ளிக் தியேட்டருக்கு நன்கொடை கொடுத்தால் இருக்கை ஒதுக்கித் தருவார்கள். அது இலவசத்தின் நோக்கத்தையே கெடுக்கிறது என்று என் நண்பர் ஒருவர் கோபப்படுவார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரோ ஒருவர் காசு கொடுத்தால்தான் நடிகருக்குச் சம்பளம், விளக்குக்கு மின்சாரம். 2017இல் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் சீசரை டிரம்ப் சாயலில் காட்டியதற்காக டெல்டா விமான நிறுவனம் ஆதரவையே நிறுத்திக்கொண்டது, பேங்க் ஆஃப் அமெரிக்கா அந்த நாடகத்திலிருந்து விலகியது. கம்பெனிகளை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்று அப்போது தெரிந்தது.

2023 சீசன் முடிந்ததும் அரங்கத்தைப் புதுப்பிக்க மூடினார்கள். 8.5 கோடி டாலர் செலவு. நகரத்து மொட்டை மாடிகளில் இருந்த பழைய தண்ணீர்த் தொட்டிகளின் ரெட்வுட் மரப் பலகைகளை எடுத்து வெளிச்சுவர் போர்த்தியிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தோடு திறந்தபோது டிக்கெட் குதிரைக்கொம்பு. கப்பல் கவிழ்ந்து பிரிந்துபோகும் இரட்டையராக லுபிடா நியோங்கோவும் அவருடைய சொந்தத் தம்பி ஜூனியர் நியோங்கோவும் நடித்தார்கள், நடுநடுவே ஸ்வாஹிலி மொழியிலும் பேசினார்கள். இப்படி நட்சத்திரப் பட்டாளம் இறங்கும் வருடத்தில் மேலே சொன்ன கணக்கெல்லாம் கொஞ்சம் தப்பும், எல்லா நேரத்தையும் ஒன்றிரண்டு மணி முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள்.

டெலகோர்ட் கிடைக்காத கோடை வீணாகிவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. டிக்கெட்டே இல்லாத இலவச நாடகங்கள் இந்த ஊரில் வேறு இருக்கின்றன, ஏனோ நம் ஆட்களுக்கு அதிகம் தெரிவதில்லை. நியூயார்க் கிளாசிக்கல் தியேட்டர் குழுவினர் சென்ட்ரல் பார்க்கின் வடமேற்குப் பகுதியில், 103ஆம் தெருப் பக்கம் நாடகம் போடுவார்கள். காட்சிக்குக் காட்சி இடம் மாறும், நடிகர்கள் பின்னாலேயே நாமும் எழுந்து போக வேண்டும். குழந்தைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும், டெலகோர்டில் அசையாமல் உட்கார வைப்பதைவிட இதற்கு அழைத்துப் போவது உத்தமம். லோயர் ஈஸ்ட் சைடில் ட்ரில்லிங் கம்பெனி என்ற குழு வண்டி நிறுத்துமிடத்திலேயே ஷேக்ஸ்பியர் போடுகிறது. நம் ஊர்க் கூத்து மாதிரிதான், முன்னால் போனவருக்கு முன்னால் இடம்.

வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஃபாரஸ்ட் பார்க்கில் மியூனி என்ற பிரம்மாண்டமான திறந்தவெளி அரங்கம் இருக்கிறது. ஏறக்குறைய 11,000 இருக்கைகள், ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை வரிசையாக இசை நாடகங்கள். காசு கொடுத்துத்தான் டிக்கெட், ஆனால் கடைசி வரிசைகளில் ஏறக்குறைய 1,450 இருக்கைகள் ஒவ்வொரு இரவும் இலவசம். டிக்கெட், குலுக்கல், செயலி எதுவும் கிடையாது. மாலை 7 மணிக்கு வாசலைத் திறந்ததும் உள்ளே போய் உட்கார வேண்டியதுதான், நாடகம் 8:15க்கு. அங்கே இருக்கும் என் சித்தி மகன் குடும்பம் ஆறு மணிக்கே இட்லி டப்பாவோடு போய் வாசலில் நிற்கும். ஒலிபெருக்கி நன்றாக இருப்பதால் பாட்டெல்லாம் தெளிவாகக் கேட்கும். நடிகர் முகம்தான் தெரியாது, பைனாகுலர் கொண்டு போங்கள், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை. ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டால் இடைவேளைக்குள் சண்டை வந்துவிடும்.